பிஷப் ஆக்லண்ட்: ஒரு சிற்றூர் அமெச்சூர் கிளப் இவ்வளவு உயரம் சென்றது எப்படி?

கதிரேசன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக் விமான நிலையத்தில் நேர்ந்த விபத்தில் 23 பேர் இறந்ததையும், அவர்களில் எட்டுப் பேர் மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் என்பதையும் கால்பந்தைப் பின்தொடரும் எல்லோரும் அறிவோம். அந்த விபத்துக்குப் பிந்தைய வாரங்களைப் பற்றி அண்மையில் படித்தபோது, அதிகம் பேசப்படாத ஒரு செய்தி கண்ணில் பட்டது. மீதியிருந்த ஆட்டங்களை ஆடி முடிக்க ஆள் போதாமல் தவித்த யுனைடெட்டுக்கு, இங்கிலாந்தின் வடகிழக்கில் டர்ஹம் மாவட்டத்தில் உள்ள பிஷப் ஆக்லண்ட் என்ற சிற்றூரின் அமெச்சூர் கிளப் மூன்று ஆட்டக்காரர்களை அனுப்பி உதவியிருக்கிறது. டெரிக் லெவின், வாரன் பிராட்லி, பாப் ஹார்டிஸ்டி என்பவை அவர்களுடைய பெயர்கள்.

நாட்டின் முதல்நிலை கிளப் ஒன்று, ஆடுவதற்குச் சம்பளம் வாங்காதவர்களைத் தேடிச் சென்றதே எனக்கு வியப்பாக இருந்தது. மேலும் தேடியபோது, அதே கிளப் இங்கிலாந்தின் அமெச்சூர் கோப்பையைப் பத்து முறை வென்றிருப்பதையும், அந்தக் கோப்பைக்காக அது ஆடிய இறுதியாட்டங்களில் சில வெம்பிளியில் ஒரு லட்சம் பேர் முன்னிலையில் நடந்திருப்பதையும் அறிந்தேன். இன்றும் அந்த ஊரில் முப்பதாயிரம் பேர்கூட இல்லை என்கிறார்கள்.

இந்தக் கிளப் எப்படித் தோன்றியது, ஒரு சிற்றூரால் இத்தனை ஆண்டுகள் இந்த உயரத்தில் நிற்க எப்படி முடிந்தது, இவ்வளவு திறமை இருந்தும் அவர்கள் ஏன் தொழில்முறைக் கிளப்பாக மாறவில்லை என்பதை விவரமறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். "சம்பளம் வாங்காமல் ஆடினார்கள்" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்ற ஐயமும் எனக்கு உண்டு. நம் ஊர்களிலும் அலுவலகம் முடிந்து வந்து மாலையில் பந்தாடி, ஊர்ப் பெயரைக் காத்த குழுக்கள் எத்தனையோ இருந்திருக்கின்றன. அவற்றைப் பற்றி எழுதி வைத்தவர்கள் குறைவு என்பதால், நன்கு பதிவாகியிருக்கும் ஒரு கிளப்பின் கதையையாவது முழுமையாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

வாசுகி

நண்பர் கதிரேசனுக்கு வணக்கம். தோற்றத்தைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். ஐம்பதுகளைப் பற்றி என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

ஊரின் பெயரிலேயே பிஷப் இருக்கிறார். நெடுங்காலம் டர்ஹம் ஆயர்களின் இல்லமாக இருந்த ஆக்லண்ட் கோட்டை அந்த ஊரில்தான் இருக்கிறது. 1879 முதல் 1889 வரை ஆயராக இருந்த லைட்ஃபுட், ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பட்டம் பெற்று, குருப்பணிக்குத் தயாராகிக்கொண்டிருந்த இளைஞர்களைத் தம் கோட்டையிலேயே தங்க வைத்துப் பயிற்சி அளித்தார். அந்த இளைஞர்கள் பல்கலைக்கழகத்தில் பழகிய கால்பந்தை ஊருக்குள் கொண்டுவந்தார்கள். கிளப்பின் சட்டையில் இன்றுவரை இருக்கும் கருநீலமும் வெளிர்நீலமும் முறையே ஆக்ஸ்ஃபோர்டையும் கேம்பிரிட்ஜையும் குறிப்பவை. கிளப் தன் தொடக்க ஆண்டாக 1886ஐக் கொள்கிறது.

ஆனால் கோட்டையின் கதையோடு நிறுத்திக்கொண்டால் பாதி வரலாறுதான் கிடைக்கும். குருமாணவர்கள் சில ஆண்டுகளில் ஊரை விட்டுப் போய்விடுவார்கள். ஆட்டத்தைத் தம்முடையதாக்கிக்கொண்டவர்கள் சுற்றியிருந்த நிலக்கரிச் சுரங்கங்களிலும் ரயில் பணிமனைகளிலும் உழைத்தவர்கள். 1825இல் ஸ்டாக்டன் - டார்லிங்டன் ரயில் பாதையின் முதல் வண்டியை நீராவி எஞ்சின் இழுத்துப் புறப்பட்ட ஷில்டன், பிஷப் ஆக்லண்டுக்கு அடுத்த ஊர். அந்தப் பகுதியில் சில மைல் நடந்தால் இன்னொரு சுரங்கக் கிராமமும், அதற்கென ஒரு குழுவும் இருக்கும். அடுத்த கிராமத்திடம் தோற்றால் திங்கட்கிழமை காலையில் அதே சுரங்கத்துக்குள் அந்தக் கிராமத்தாரோடு சேர்ந்துதான் இறங்க வேண்டும் என்ற நிலையில், சனிக்கிழமை ஆட்டத்தின் சூடு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தக் குழுக்களை ஒழுங்காக மோதவிட்டது வடக்கு லீக். அது 1889இல், அதாவது இங்கிலாந்தின் கால்பந்து லீக் தொடங்கிய மறு ஆண்டே தொடங்கியது. தொடக்கக் காலத்தில் தொழில்முறைக் குழுக்களும் அதில் ஆடின. அவை பெரிய லீகுகளுக்குச் சென்ற பின் அது அமெச்சூர்களின் கோட்டையாயிற்று. பிஷப் ஆக்லண்ட் அந்த லீகின் பட்டத்தை 19 முறை வென்றிருக்கிறது.

அமெச்சூர் கோப்பை 1893-94 பருவத்தில் தொடங்கியது. முதல் கோப்பையைப் பெற்றது, உயர்குடிப் பள்ளி ஒன்றின் பழைய மாணவர்களுடைய ஓல்டு கார்த்தூசியன்ஸ் குழு. தெற்கின் அத்தகைய கனவான்களுக்காக ஏற்படுத்தப்பட்டது என்று பலரும் கருதிய அந்தக் கோப்பையை, 1896இலேயே பிஷப் ஆக்லண்ட் ராயல் ஆர்ட்டிலரி அணியை 1-0 என வென்று வடக்கே கொண்டுவந்தது. அடுத்து 1900, 1914, 1921, 1922, 1935, 1939 என்று தொடர்ந்தது. இவற்றில் 1939 இறுதியாட்டத்தைத் தனியே சொல்ல வேண்டும். சண்டர்லாந்தின் ரோக்கர் பார்க்கில், பக்கத்து ஊரான வில்லிங்டனைக் கூடுதல் நேரத்தில் 3-0 என வென்ற அந்த அணியில், ஹெட்டன்-லி-ஹோல் என்ற சுரங்கக் கிராமத்தைச் சேர்ந்த இருபது வயது இளைஞர் ஒருவர் ஆடினார். அடுத்த மாதமே லிவர்பூலில் சேர்ந்த அவர்தான், பின்னாளில் அந்தக் கிளப்பின் மேலாளராக 1977, 1978, 1981 ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையை வென்ற பாப் பெய்ஸ்லி.

அருளானந்தம்

வாசுகி அம்மையார் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். இந்தக் கிளப்பைப் பற்றி நான் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான் என்பதால் சற்று நீளமாகவே எழுதுவேன், பொறுத்தருள்க.

1949 முதல் அமெச்சூர் கோப்பையின் இறுதியாட்டம் வெம்பிளிக்கு மாற்றப்பட்டது. போர் முடிந்து, பொழுதுபோக்குக்கு ஏங்கியிருந்த மக்கள் அமெச்சூர் ஆட்டத்துக்கும் திரண்டு வந்தார்கள். பிஷப் ஆக்லண்டுக்கு வெம்பிளி முதலில் கசப்பாகத்தான் இருந்தது. 1950இல் வில்லிங்டனிடம் 4-0 எனத் தோற்றது. 1951இல், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்களைக் கொண்ட பெகாசஸ் அணியிடம் ஒரு லட்சம் பேர் பார்த்திருக்க 2-1 எனத் தோற்றது. அந்தப் பல்கலைக்கழகங்களின் நிறத்தையே அணிந்திருந்த சுரங்க நாட்டுக் கிளப், அந்தப் பல்கலைக்கழகங்களின் அணியிடமே கோப்பையை இழந்தது.

1954இல் எதிரே நின்றது ஐந்தாறு மைல் தொலைவில் உள்ள குரூக் டவுன். வெம்பிளியில் 2-2. நியூகாசிலில் மறு ஆட்டம், மீண்டும் 2-2. மிடில்ஸ்பரோவில் மூன்றாவது ஆட்டத்தில் குரூக் 1-0 என வென்றது. இரண்டு சிற்றூர்களுக்கு இடையிலான இந்த மூன்று ஆட்டங்களையும் சேர்த்து ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். இரண்டு ஊர்களின் மக்கள்தொகையையும் கூட்டினாலும் அந்த எண்ணிக்கைக்கு அருகில் வராது. அந்த மாவட்டமே எழுந்து வந்து பார்த்த ஆட்டங்கள் அவை.

இத்தனை தோல்விக்குப் பிறகு வேறொரு கிளப்பாக இருந்தால் கலைந்திருக்கும். இவர்களோ அடுத்த மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து கோப்பையை எடுத்தார்கள். 1955இல் ஹெண்டனை 2-0 என்றும், 1956இல் வெம்பிளியில் 1-1 எனச் சமன் செய்த பின் மிடில்ஸ்பரோவில் நடந்த மறு ஆட்டத்தில் கொரிந்தியன்-கேஷுவல்ஸ் அணியை 4-1 என்றும், 1957இல் வைகோம் வாண்டரர்ஸை 3-1 என்றும் வென்றார்கள். கிரிக்கெட் பின்தொடரும் நண்பர்களுக்கு ஒரு தகவல்: 1956இல் எதிரணியில் ஆடியவர்களில் ஒருவர் எசெக்ஸ் கவுன்டி அணியின் தலைவரும் இங்கிலாந்து டெஸ்ட் ஆட்டக்காரருமான டக் இன்சோல்.

அமெச்சூர்களை மட்டுமே வென்றவர்கள் என்று இவர்களை ஒதுக்கவும் முடியாது. தொழில்முறைக் கிளப்புகளும் ஆடும் எஃப்.ஏ. கோப்பையில், 1954-55 பருவத்தில், தொழில்முறை அணியான கிறிஸ்டல் பேலஸை அதன் சொந்த மைதானத்திலேயே 4-2 என வீழ்த்தினார்கள். அடுத்த சுற்றில், இரண்டாம் டிவிஷனில் இருந்த இப்ஸ்விச் டவுனோடு அங்கே சென்று 2-2 எனச் சமன் செய்து, தம் கிங்ஸ்வே மைதானத்தில் நடந்த மறு ஆட்டத்தில் 3-0 என வென்றார்கள். நான்காம் சுற்றில்தான் யார்க் சிட்டி அவர்களை நிறுத்தியது. அந்த யார்க் சிட்டி அரையிறுதி வரை சென்றது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த அணியில் ஷேமஸ் ஓ'கானல் என்றொருவர் இருந்தார். கார்லைல் நகரத்து மாட்டு வணிகர். அமெச்சூராகப் பதிவு செய்தவர் ஒரே பருவத்தில் இரண்டு கிளப்புகளுக்கு ஆடலாம் என்பதால் செல்சிக்கும் ஆடினார். 1954 அக்டோபரில் செல்சிக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார், ஆனாலும் செல்சி 6-5 எனத் தோற்றது. அந்தப் பருவம் முடிந்தபோது அவரிடம் செல்சியோடு வென்ற லீக் பட்டமும் பிஷப் ஆக்லண்டோடு வென்ற அமெச்சூர் கோப்பையும் இருந்தன. இன்றைய ஒப்பந்தங்களுக்குப் பழகிய நமக்கு இதை நம்புவதே கடினம்.

இனி மியூனிக். யுனைடெட் இந்தக் கிளப்பை நாடியது தற்செயல் அன்று. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் அமெச்சூர் அணிக்குப் பயிற்சி அளித்தவர் யுனைடெட்டின் மேலாளர் மேட் பஸ்பி. அந்த அணியில் ஆடியவர் பாப் ஹார்டிஸ்டி. அது நான்காம் இடம் பெற்றது. (விடுதலைக்குப் பின் இந்தியா ஆடிய முதல் ஒலிம்பிக் கால்பந்தும் அதுதான். லண்டனை ஒட்டிய இல்ஃபோர்டில் பிரான்சிடம் 2-1 எனத் தோற்ற நம் அணியில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். நமக்கான கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன்.) பத்து ஆண்டு கழித்து, பஸ்பி மருத்துவமனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தபோது, 37 வயதான ஹார்டிஸ்டி யுனைடெட்டின் ரிசர்வ் (இரண்டாம் நிலை) அணிக்கு ஆட வந்தார். மூத்த அணிக்கு உயர்த்தப்பட்டுவிட்ட ரிசர்வ் இளைஞர்களின் இடத்தை நிரப்பவும், எஞ்சிய சிறுவர்களுக்குத் துணையாக நிற்கவும் அனுபவசாலிகள் தேவைப்பட்டார்கள். மூவரும் செய்த பணி அதுதான்.

அவர்களில் பிராட்லி மட்டும் அங்கேயே தங்கினார். பள்ளி ஆசிரியரான அவர் 1958 நவம்பரில் தொழில்முறை ஆட்டக்காரராகப் பதிவு செய்துகொண்டு, ஆசிரியப் பணியையும் விடாமல், யுனைடெட்டுக்காக 67 ஆட்டங்களில் 21 கோல் அடித்தார். 1958-59 பருவத்திலேயே இங்கிலாந்தின் அமெச்சூர் அணிக்கும் முதன்மை அணிக்கும் ஆடினார். முதன்மை அணிக்காக மூன்று ஆட்டங்களில் இரண்டு கோல்.

நெய்தலூரான்

இதுவரை எழுதியவர்களுக்கு நன்றி. கதிரேசன் எழுப்பிய ஐயத்தை யாரும் தொடவில்லை என்பதால் அதற்கு விடை சொல்ல முயல்கிறேன். வடகிழக்கின் அமெச்சூர் கால்பந்தில் பணம் கைமாறியது. அதை மறைத்து எழுதினால் வரலாறு ஆகாது. ஆட்டம் முடிந்து குளித்து வரும் ஆட்டக்காரர், உடைமாற்றும் அறையில் விட்டுப்போன காலணிக்குள் சில பவுண்டு நோட்டுகள் மடித்து வைக்கப்பட்டிருப்பதைக் காண்பார், யார் வைத்தார் என்று கேட்கமாட்டார். பயணப்படி என்ற பெயரில் உண்மைச் செலவைவிட அதிகமாகக் கொடுப்பதும் உண்டு. 1920களின் இறுதியில் குரூக் டவுன் மீது இதற்காக நடவடிக்கை எடுக்கப்பட்டபோது, மற்ற கிளப்புகளும் இதைத்தான் செய்கின்றன என்பது வெளிப்பட்டு, நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். இதை அந்தத் தொழிலாளர்களின் ஒழுக்கக்கேடாக நான் பார்க்கவில்லை. தெற்கின் வசதி படைத்தவருக்கு ஒரு சனிக்கிழமையை ஆட்டத்துக்குக் கொடுப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை. சுரங்கத் தொழிலாளிக்கோ அரைநாள் கூலி போய்விடும். விதியை எழுதியவர்கள் முன்னவரை மட்டுமே மனத்தில் வைத்து எழுதினார்கள்.

ஆனால் பத்துக் கோப்பைகளுக்குக் காலணிக்குள் வைத்த பணமே காரணம் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். உண்மையான காரணம் அந்தக் காலத்துத் தொழில்முறைக் கால்பந்தின் விதிகளில் இருக்கிறது. அங்கே ஆட்டக்காரரின் வாரச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. 1958இல் அது 20 பவுண்டு. அதற்குமேல் கொடுக்க எந்தக் கிளப்புக்கும் அனுமதி இல்லை. அதோடு, ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் கிளப் விடுவித்தால் ஒழிய வேறு இடம் போக முடியாது. அமெச்சூருக்கு இந்தக் கட்டு இல்லை. நிரந்தர வேலையும் ஓய்வூதியமும் உள்ள ஒரு பள்ளி ஆசிரியர், முப்பத்தைந்து வயதில் முடிந்துவிடும் தொழிலுக்காக அதை விட்டுவிட்டு, நினைத்த இடத்தில் ஆடும் உரிமையையும் இழக்க வேண்டிய காரணம் என்ன? அதனால்தான் பிராட்லியைப் போன்றவர்களும், விகன் பக்கத்திலிருந்து வந்த ஆசிரியரான கோல்கீப்பர் ஹாரி ஷாரட்டும் பிஷப் ஆக்லண்டுக்கு ஆடினார்கள். கிளப்பும் ஊர்க்காரர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. லெவின் மான்செஸ்டர்க்காரர். படிப்புக்காக டர்ஹம் வந்தவர்கள், கட்டாய ராணுவப் பணிக்காக வடக்கே முகாமிட்டவர்கள் என நல்ல ஆட்டக்காரர் எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்தார்கள். சுரங்க நாட்டு ரசிகர்களும் நாடெங்குமிருந்து வந்த ஆட்டக்காரர்களும் கொண்ட கிளப் அது.

ஷாரட்டைப் பற்றி அந்தப் பகுதியில் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. பனி விழுந்த நாளொன்றில் ஷில்டனுக்கு எதிரான ஆட்டம் முழுவதும் எதிர்ப்பாதியிலேயே நடந்ததால், வேலையின்றி நின்ற அவர் தம் கோல் கோட்டின் மேல் பனிமனிதன் ஒன்றைச் செய்துவிட்டாராம், நடுவர் அதற்காக அவர் பெயரைக் குறித்துக்கொண்டாராம். மைதானத்துக் கதைகளில் எவ்வளவு மெய் இருக்கும் என்பது வேறு, ஆனால் அன்றைய பிஷப் ஆக்லண்டின் ஆதிக்கத்தை அவ்வூரார் எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதை இது காட்டுகிறது.

ஆகவே சரிவு, அமெச்சூர் என்ற பிரிவே நீக்கப்பட்ட 1974இல் தொடங்கவில்லை, 1961இல் தொடங்கியது என்பது என் கருத்து. அந்த ஆண்டு சம்பள உச்சவரம்பு நீக்கப்பட்டது. சில மாதங்களில் ஃபுல்ஹாமின் ஜானி ஹெய்ன்ஸ் வாரம் 100 பவுண்டு வாங்கினார். திறமையுள்ள இளைஞர் அமெச்சூராக நீடிப்பதற்கான கணக்கு அன்றோடு மாறிவிட்டது. கட்டாய ராணுவப் பணிக்கு ஆள் அழைப்பதும் 1960 இறுதியோடு நின்றது. டர்ஹமின் மேற்குப் பகுதிச் சுரங்கங்கள் அந்தப் பத்தாண்டில் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1957க்குப் பிறகு பிஷப் ஆக்லண்ட் ஒருமுறைகூட அமெச்சூர் கோப்பை இறுதியாட்டத்தை எட்டவில்லை.

கதிரேசன்

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. சம்பள உச்சவரம்பு பற்றிய விளக்கம் எனக்கு முற்றிலும் புதியது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. 1961தான் திருப்பம் என்றால், குரூக் டவுன் மட்டும் எப்படித் தாக்குப்பிடித்தது? அந்தக் கிளப் 1962இலும் 1964இலும் கோப்பையை வென்றதாகப் பட்டியலில் பார்த்தேன். மேலும், கிங்ஸ்வே மைதானம் இன்றும் இருக்கிறதா?

அருளானந்தம்

நல்ல கேள்வி. நெய்தலூரான் அவர்களின் கருத்தோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை என்பதற்கும் இதுவே காரணம். 1961இன் மாற்றம் எல்லா அமெச்சூர் கிளப்புகளுக்கும் பொதுவானது, ஆனால் பிஷப் ஆக்லண்டின் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1957இல் வென்ற அணியின் முதுகெலும்பாக இருந்தவர்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வயதாகி விலகினார்கள். பிராட்லி போய்விட்டார். தொலைவிலிருந்து ஆள் தேடிக் கொண்டுவந்த கிளப்புக்கு, அந்தத் தொடர்பு அறுந்தபோது அடுத்த தலைமுறை உள்ளூரில் தயாராக இல்லை. குரூக்கின் நிலை வேறு. 1959, 1962, 1964 என்று மூன்று முறை வென்று, மொத்தம் ஐந்து கோப்பைகளோடு கிளாப்டனுக்கு இணையாகப் பட்டியலில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. அந்த மாவட்டத்தின் ஊற்று வற்றவில்லை, அது அடுத்த ஊருக்குத் திரும்பியது என்றுதான் சொல்வேன்.

அண்டை ஊர்களைப் பற்றிப் பேசும்போது வெஸ்ட் ஆக்லண்டை விட்டுவிடக் கூடாது. பிஷப் ஆக்லண்டிலிருந்து நடந்தே போகக்கூடிய கிராமம் அது. தேயிலை வணிகர் சர் தாமஸ் லிப்டன் இத்தாலியின் டூரின் நகரில் நடத்திய பன்னாட்டுப் போட்டிக்கு, 1909இல் இங்கிலாந்தின் சார்பில் சென்றது அந்தக் கிராமத்தின் சுரங்கத் தொழிலாளர் அணிதான். இறுதியாட்டத்தில் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் அணியை 2-0 என வென்றார்கள். 1911இல் மீண்டும் சென்று யுவென்டஸை 6-1 என வீழ்த்தி, கோப்பையை நிரந்தரமாகவே பெற்றார்கள். பயணச் செலவால் கடனில் மூழ்கிய கிளப், ஊரின் விடுதி உரிமையாளரிடம் அந்தக் கோப்பையை 40 பவுண்டுக்கு அடகு வைத்தது. 1960இல்தான் 100 பவுண்டு கொடுத்து மீட்டார்கள். 1994இல் அது திருடு போயிற்று. இன்று அங்கே இருப்பது நகல்.

1909இல் அந்த அணியோடு விருந்தினராகச் சென்றவர்களில் குரூக்கைச் சேர்ந்த ஜாக் கிரீன்வெல்லும் ஒருவர். பின்னர் பார்சிலோனாவுக்கு ஆடி, 1917 முதல் அதன் பயிற்சியாளராகி, 1939இல் பெரு நாட்டுக்குத் தென் அமெரிக்கப் பட்டத்தையும் பெற்றுத் தந்தவர் அவர்.

டர்ஹம் தமிழினி

வணக்கம். பணி நிமித்தமாக இந்த மாவட்டத்தில் வசிக்கிறேன். மைதானத்தைப் பற்றிய கேள்விக்கு நான் விடையளிப்பது பொருத்தமாக இருக்கும்.

கிங்ஸ்வே இன்றும் இருக்கிறது, ஆனால் அங்கே கிரிக்கெட் மட்டுமே ஆடப்படுகிறது. தொடக்கத்திலிருந்தே அது கிரிக்கெட் கிளப்போடு பகிர்ந்துகொண்ட மைதானம். கால்பந்து ஆடுகளத்தின் மூன்று பக்கங்களில் மட்டுமே ரசிகர்கள் நிற்க முடியும். நான்காவது பக்கம் கிரிக்கெட் களமாக விரிந்து கிடக்கும், அங்கே சுவரோ படிக்கட்டோ கட்ட முடியாது. ஐம்பதுகளில் அதே மைதானத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்று இப்ஸ்விச்சை வென்றதைப் பார்த்தார்கள். அமெச்சூர் காலத்தில் ஒரு குறையாகவே தோன்றாத இந்த அமைப்பு, பிற்காலத்தில் கிளப்பை வாட்டிய பெரும் சிக்கலாயிற்று.

1974இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவினையையே நீக்கிவிட்டது. அமெச்சூர் கோப்பையும் அத்துடன் முடிந்தது. (கடைசி இறுதியாட்டத்தில் பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்டிடம் 4-1 எனத் தோற்றது, அருளானந்தம் ஐயா குறிப்பிட்ட அதே இல்ஃபோர்டின் கிளப்.) அதன் பின் சிறிய கிளப்புகளும் படிப்படியாக மேல் லீகுகளுக்கு ஏறும் அடுக்குமுறைக்குள் வந்தன. மேலே ஏற வேண்டுமென்றால் ஆட்டத்தில் வென்றால் மட்டும் போதாது, மைதானமும் சுற்றிலும் அடைப்பு, விளக்கு, இருக்கை என்ற தரத்தை எட்ட வேண்டும். பிஷப் ஆக்லண்ட் 1988இல் வடக்கு லீகை விட்டு மேலே உள்ள வடக்கு பிரீமியர் லீகுக்குச் சென்றது. மூன்று பக்க மைதானத்தை வைத்துக்கொண்டு அங்கே நெடுநாள் காலம் தள்ள முடியவில்லை.

2001இல் கிளப் கிங்ஸ்வேயை விட்டு வெளியேறியது. புதிய மைதானம் விரைவில் வந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். அது திறக்கப்பட்டது 2010இல்தான். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளும் பத்து முறை கோப்பை வென்ற கிளப், ஒரு காலத்தில் தான் தோற்கடித்த அண்டை ஊர்களின் மைதானங்களில் வாடகைக்கு ஆடியது. 2006இல் வடக்கு லீகுக்கே இறங்கியும் வந்துவிட்டது. என் பார்வையில் 1961ஐயும் 1974ஐயும்விட இந்த ஒன்பது ஆண்டுகளே கொடியவை. ஒரு சிற்றூர்க் கிளப்புக்கு வருமானம் என்பது வாயில் கட்டணமும், ஆட்டம் முடிந்த பின் கிளப்பின் கூடத்தில் விற்கும் பானமும் உணவும்தான். சொந்த இடம் இல்லையென்றால் இரண்டுமே இல்லை. அதைவிடப் பெரிய இழப்பு, பத்து வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்து போகும் பழக்கம் ஒரு தலைமுறைக்கே அறுந்து போனது. பக்கத்து ஊருக்குப் பேருந்து ஏறிப் போய் உள்ளூர் அணியைப் பார்க்கும் அளவுக்குப் பற்றுள்ளவர்கள் பெரும்பாலும் முதியவர்களாகவே இருந்தார்கள். இருந்தும் செயற்குழுவில் இருந்தவர்களும் தொண்டர்களும் கிளப்பை மூடவிடவில்லை. வெம்பிளியில் ஆடியவர்களுக்குக் குறையாத மதிப்பு அவர்களுக்கும் உரியது என்று நான் கருதுகிறேன்.

புதிய மைதானத்தின் பெயர் ஹெரிடேஜ் பார்க். ஊரின் மையத்தில் இல்லை, விளிம்பில் இருக்கிறது, ஆனால் கிளப்புக்குரிய இடம். இரண்டு நீலங்களையும் அங்கே காணலாம். ஊருக்குள் ஒரு சாலைக்குப் பாப் ஹார்டிஸ்டியின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். நண்பர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தால், பருவம் நடக்கும் மாதங்களில் சனிக்கிழமை மூன்று மணி ஆட்டத்துக்கு வாருங்கள். வாயிலிலேயே சீட்டு வாங்கிக்கொள்ளலாம். பழைய ஆட்டங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், 1954இன் மூன்று ஆட்டங்களை யார் எந்த நிமிடத்தில் கோல் அடித்தார் என்பது வரை சொல்லக்கூடியவர்கள் பக்கத்தில் நிற்பார்கள்.